குழந்தைகள் நல மருத்துவராக விரும்பும் மாணவர் படிப்பை எப்படித் திட்டமிட வேண்டும்?

பத்தாம் வகுப்பை முடிக்கவிருக்கும் ஒரு மாணவி இவ்வாறு கேட்டிருக்கிறார்: "குழந்தைகளுக்கான மருத்துவராக வேண்டும் என்பது என் ஆசை. மேல்நிலை வகுப்பில் எந்தப் பாடங்களை எடுக்க வேண்டும், மொத்தம் எத்தனை ஆண்டுகள் ஆகும், வெளிநாட்டில் படிப்பது நல்லதா, இப்போதிருந்தே நான் செய்யத்தக்கது என்ன?" குழந்தைகள் நலத் துறையில் மாணவர்களுக்குப் பயிற்சியளிப்பவன் என்ற முறையில் இதற்கு விரிவாகவே பதிலெழுத விரும்புகிறேன். சுருக்கமான விடை இதுதான்: முதலில் எல்லா வயதினரையும் பார்க்கத் தெரிந்த முழு மருத்துவராக வேண்டும், குழந்தைகள் நலம் அதன் பிறகு வரும் முதுநிலைப் படிப்பு. ஆகவே இந்த வயதில் எடுக்க வேண்டிய முடிவு மருத்துவம் படிப்பதா வேண்டாமா என்பது மட்டுமே. குழந்தைகள் நலமா வேறு துறையா என்று உறுதிசெய்ய இன்னும் ஆறேழு ஆண்டுகள் இருக்கின்றன.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அது பலருக்குத் தெரிவதில்லை. ரஷ்யாவிலும் முன்னாள் சோவியத் நாடுகள் சிலவற்றிலும் பள்ளிப் படிப்பை முடித்தவுடனேயே சேரக்கூடிய தனிக் குழந்தை மருத்துவப் பீடங்கள் இருக்கின்றன. அங்கே தொடக்கம் முதலே குழந்தைகளை மையமாக வைத்துப் பாடத்திட்டம் அமைகிறது. குழந்தை மருத்துவர் ஆகும் ஆசையில் இருப்பவருக்கு இது நேர்வழி போலத் தோன்றும். ஆனால் வேறொரு நாட்டில் பணிபுரிய எண்ணுபவர், அந்தப் பட்டத்தைத் தம் நாட்டின் மருத்துவ ஆணையம் பொது மருத்துவப் பட்டத்துக்கு இணையாக ஏற்குமா என்பதை எழுத்துபூர்வமாகத் தெரிந்துகொண்ட பிறகே சேர வேண்டும்.

கால அளவு நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு கட்டாயப் பயிற்சியும் சேர்ந்தது; அதன்பின் குழந்தைகள் நலத்தில் எம்.டி. 3 ஆண்டுகள். இடைவெளியே விழாவிட்டால் எட்டரை ஆண்டுகள் என்றாலும், முதுநிலை நுழைவுத் தேர்வுக்காக ஓரிரு ஆண்டுகள் காத்திருப்பவர்களே அதிகம் என்பதால் பத்து ஆண்டுகள் என்று கணக்கு வைப்பதே நடைமுறைக்கு ஒத்தது. அமெரிக்காவில் 4 ஆண்டு இளநிலைப் பட்டம், 4 ஆண்டு மருத்துவக் கல்லூரி, 3 ஆண்டு உறைவிடப் பயிற்சி (மருத்துவமனையில் மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டே பெறும் பயிற்சி) என 11 ஆண்டுகள். பிரிட்டனில் 5 அல்லது 6 ஆண்டு மருத்துவப் படிப்பு, 2 ஆண்டு அடித்தளப் பயிற்சி, பிறகு குழந்தைகள் நலத்தில் ஏறத்தாழ 7 ஆண்டுப் பயிற்சி. இந்த எண்களை மட்டும் வைத்து எந்த நாடு குறுகிய வழி என்று முடிவுகட்டக் கூடாது. பிரிட்டனின் நீண்ட பயிற்சிக்காலம் முழுவதும் நீங்கள் சம்பளம் பெறும் மருத்துவராகவே இருப்பீர்கள். முடியும்போது துறையின் முழுப் பொறுப்பேற்கும் ஆலோசகர் தகுதியில் இருப்பீர்கள். அமெரிக்காவில் கல்லூரிக் கட்டணம் செலுத்தும் ஆண்டுகளே எட்டு. எத்தனை ஆண்டுகள் என்பதோடு, அவற்றில் எத்தனை ஆண்டுகளுக்கு நீங்கள் பணம் கட்டுகிறீர்கள், எத்தனை ஆண்டுகளுக்கு உங்களுக்கு ஊதியம் வருகிறது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மேல்நிலைப் பாடங்களைப் பொறுத்தவரை உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றையும் எடுத்துவிடுவதே பாதுகாப்பானது. பிரிட்டனின் மருத்துவக் கல்லூரிகள் பெரும்பாலும் வேதியியலையும் உயிரியலையும் வலியுறுத்துகின்றன. இந்தியாவில் மூன்றும் கட்டாயம். அமெரிக்காவில் பள்ளியில் விட்டதைக் கல்லூரியில் எடுத்துக்கொள்ளலாம். மூன்றையும் படித்தவருக்குப் பெரும்பாலான நாடுகளில் தகுதிப் பிரச்சினை எழாது. மருத்துவத்துக்குக் கணிதம் தேவையில்லை என்று சொல்லி அதை முதல் வாய்ப்பிலேயே கைவிடும் மாணவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நுண்கணிதம் வேண்டுமானால் உங்களுக்குப் பயன்படாமல் போகலாம். விகிதம், சதவீதம், தசம எண்கள், அலகு மாற்றம், நிகழ்தகவு ஆகியவை தூக்கக் கலக்கத்திலும் தவறாமல் வர வேண்டும். குழந்தை மருத்துவத்தைப் போல நாள்தோறும் கணக்குப் போடும் மருத்துவத் துறை வேறு உண்டா என்பது ஐயமே.

எப்படி என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரை என்று எழுதிவிடலாம். குழந்தைக்கு எடையைப் பார்த்து, கிலோவுக்கு 15 மி.கி. என்று கணக்கிட வேண்டும். 8 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120 மி.கி. ஆனால் அந்த மருந்து ஒரே அடர்வில் கிடைப்பதில்லை. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 5 மி.லி. கொடுக்க வேண்டும், 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ளது என்றால் 2.4 மி.லி.; ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் 1.2 மி.லி. தான். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தில் 5 மி.லி. கொடுத்துவிட்டால் குழந்தையின் உடலுக்குள் போவது தேவையான அளவைப் போல நான்கு மடங்குக்கும் மேல். தசமப் புள்ளி ஓரிடம் மாறினால் பத்து மடங்கு. ஆகவே மருந்துச் சீட்டில் மி.கி. அளவு, மருந்தின் அடர்வு, மி.லி. அளவு மூன்றையும் எழுதுவதும், அளவுகோல் உள்ள பீச்சுக்குழலில் எதுவரை எடுக்க வேண்டும் என்று தாய்க்குக் காட்டுவதும் இத்துறையின் அன்றாட வேலை. பள்ளிக் கணிதத்தில் கவனக்குறைவை ஒரு பழக்கமாக விட்டுவைக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நுழைவுத் தேர்வுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவற்றுக்கு வழிகாட்டும் நூல்களும் பயிற்சி நிலையங்களும் போதுமான அளவு இருக்கின்றன. இந்தியாவின் நீட் தேர்வில் 180 வினாக்களில் பாதி உயிரியலிலிருந்து வருகின்றன என்பதும், சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதும் தொடக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டியவை. ஒருமுறை தவறினால் இரண்டாம் முறை எழுதுவதில் இழுக்கு ஒன்றுமில்லை. மூன்றாம், நான்காம் முறை என்று நீளும்போது மட்டும், இடையில் வேறு பட்டப்படிப்பு ஒன்றில் சேர்ந்துகொண்டு முயல்வது நல்லது என்பது என் கருத்து. பதினெட்டு வயதிலிருந்து இருபத்திரண்டு வயது வரை ஒரே தேர்வைத் தவிர வேறெதையும் பார்க்காமல் இருப்பது, பிற்பாடு மருத்துவராக அமைந்தாலும், கற்கும் ஆர்வத்தையே கொன்றுவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

வெளிநாட்டில் இளநிலை மருத்துவம் படிப்பது குறித்து இன்னும் சற்று நிதானமாகப் பேச வேண்டும். மிகுந்த பணமும் ஆண்டுகளும் வீணாகும் இடம் இதுதான். முகவர்கள் கட்டணத்தையும் கல்லூரிக் கட்டடத்தையும் பற்றிப் பேசுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. அந்தப் பட்டத்தைக் கொண்டு படித்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்ய முடியுமா? எந்த நாட்டில் பணிபுரிய எண்ணுகிறீர்களோ அந்த நாட்டின் ஆணையம் அதை ஏற்கிறதா? அங்கே எழுத வேண்டிய உரிமத் தேர்வில் அக்கல்லூரி மாணவர்களின் தேர்ச்சி எப்படி இருக்கிறது? இந்தியாவுக்குத் திரும்பி வர எண்ணுபவர்களுக்குத் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிகள் தெளிவாக இருக்கின்றன: படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும், ஆங்கில வழியில் இருக்க வேண்டும், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும், அந்நாட்டில் தொழில் உரிமம் பெறத் தக்க பட்டமாக இருக்க வேண்டும்; திரும்பி வந்த பின் உரிமத் தேர்வில் தேர்ச்சி பெற்று இந்தியாவில் மேலும் 12 மாதப் பயிற்சி செய்ய வேண்டும். வெளிநாட்டுக்குப் போவதானாலும் நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஆறு ஆண்டுப் படிப்பு தடைப்பட்டு நிற்கும். அத்துடன் நோயாளிகளோடு உள்ளூர் மொழியில் பேச முடியாவிட்டால், பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் வார்டில் நீங்கள் பார்வையாளராகவே நிற்க நேரும். இளநிலையை உள்நாட்டில் முடித்துவிட்டு, முதுநிலைப் பயிற்சிக்கு வெளிநாடு செல்வது, வாய்ப்பிருந்தால், இதைவிடச் சிறந்த வழி என்று நான் கருதுகிறேன்.

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபின் முதல் இரண்டு ஆண்டுகளில் குழந்தைகளைப் பார்க்கும் வாய்ப்பு அரிது. அதனால் அந்த ஆண்டுகளை வெறும் நுழைவுக் கட்டணமாக எண்ணிக் கடந்துவிடுபவர்கள் பிற்பாடு தடுமாறுகிறார்கள். கருவியலை எடுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான மாணவர்கள் தேர்வுக்கு முந்தைய வாரம் மட்டும் படிக்கும் பகுதி அது. கருவில் இருக்கும்போது நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் ஒரு சிறு நாளம் இருக்கிறது. பிறந்த சில நாட்களுக்குள் அது மூடிக்கொள்ளும். இதயக் குறையோடு பிறந்த சில குழந்தைகளின் உயிர் அந்த நாளம் திறந்திருப்பதையே நம்பியிருக்கும். பிறந்தபோது நலமாகத் தெரிந்த குழந்தை இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பாலைக் குடிக்காமல் நீலம் பாரித்துச் சோர்ந்து வரும்போது, நாளம் மூடிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்து, அதைத் திறந்து வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்தைத் தொடங்குபவர் கருவியலைப் புரிந்து படித்தவராகவே இருப்பார். உயிர்வேதியியலும் அப்படித்தான். குளோராம்பெனிக்கால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி 1950களில் பச்சிளங்குழந்தைகளின் உயிரைப் பறித்ததற்குக் காரணம், அம்மருந்தைச் செயலிழக்கச் செய்யும் நொதி அவர்களின் கல்லீரலில் முதிர்ந்திருக்காததும், சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாததுமே. குழந்தையைச் சிறிய உருவில் உள்ள பெரியவராக எண்ணக் கூடாது என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். அதன் பொருள் இந்த அடிப்படைப் பாடங்களில்தான் கிடைக்கிறது.

வார்டுக்குச் செல்லும் ஆண்டுகள் வந்ததும் குழந்தைகள் நலப் பிரிவில் ஒதுக்கப்படும் வாரங்களை முழுமையாகப் பயன்படுத்துங்கள். அங்கே கற்க வேண்டிய முதல் திறமை, குழந்தையைத் தொடாமலே பார்ப்பது. மூச்சு எண்ணுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். தாயின் மடியில் அமைதியாக இருக்கும்போது சட்டையைச் சற்று விலக்கிவிட்டு, மார்பும் வயிறும் எழுந்து தாழ்வதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். சிசுக்களின் மூச்சு சீராக இராது என்பதால் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது பிழையாகும். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 12 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேக மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இருமலோடு வந்த குழந்தைக்கு நிமோனியா இருக்குமா என்ற ஐயத்தை எழுப்ப இந்த எண்ணிக்கையே போதும். எக்ஸ்ரே இல்லாத இடத்திலும் இதைச் செய்யலாம். அழத் தொடங்கிவிட்டால் எண்ணிக்கை பயனற்றுப் போகும். இதயத்தையும் நுரையீரலையும் குழந்தை அமைதியாக இருக்கும்போதே கேட்டுவிட்டு, காதையும் தொண்டையையும் கடைசியில் பார்ப்பதும் இதனால்தான். பெரியவர்களைப் பரிசோதிப்பதற்குப் புத்தகம் சொல்லும் தலை முதல் கால் வரையிலான ஒழுங்கு இங்கே செல்லாது.

அடுத்தது வளர்ச்சி வரைபடம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வரைபடங்கள் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் குழந்தைகளை அளந்து உருவாக்கப்பட்டவை. பிறப்பு எடை ஏறத்தாழ ஐந்தாம் மாதத்தில் இரட்டிப்பாகும், ஓராண்டில் மும்மடங்காகும் என்பது மனப்பாடமாகிவிடும். ஒரு குழந்தையின் எடையை மாதந்தோறும் குறித்து, ஏறிக்கொண்டிருந்த கோடு ஆறாம் மாதத்திலிருந்து கிடையாகப் படுத்துவிட்டதைக் கண்டு, இணை உணவு எப்போது தொடங்கியது, என்ன கொடுக்கிறார்கள், இடையில் என்ன நோய் வந்தது என்று கேட்கத் தெரிவதுதான் கல்வி. ஒரே ஒரு நாள் எடுத்த எடை அவ்வளவு சொல்லாது.

இனி, உங்கள் விருப்பத்தை நீங்களே சோதித்துப் பார்ப்பது எப்படி என்ற கேள்விக்கு வருகிறேன். குழந்தைகளைப் பிடிக்கும் என்பதால் இத்துறைக்கு வர விரும்புவதாகப் பலர் சொல்கிறார்கள். அது நல்ல தொடக்கம்; ஆனால் போதாது. நீங்கள் பார்க்கும் குழந்தைகள் காய்ச்சலோடு, வலியோடு, பயத்தோடு இருப்பார்கள்; உங்களைக் கண்டாலே அழுவார்கள்; நீங்கள் அவர்களுக்கு ஊசி போடவும் முதுகுத்தண்டு நீர் எடுக்கவும் வேண்டியிருக்கும். நோயாளி ஒருவர் என்றாலும் பேச வேண்டியவர்கள் தாய், தந்தை, பாட்டி என மூன்று பேராக இருப்பார்கள். மூவரின் அச்சமும் மூன்று விதமாக இருக்கும். பெற்றோர் கோபப்படும்போது அதற்குப் பின்னால் இருக்கும் பயத்தைப் புரிந்துகொண்டு அதே செய்தியை மூன்றாம் முறையும் பொறுமையாகச் சொல்ல உங்களால் முடியுமா? காயத்தோடு வரும் குழந்தையின் கதை காயத்தோடு பொருந்தவில்லை என்றால், யாரையும் முன்கூட்டியே குற்றம் சாட்டாமல், அதே வேளையில் குழந்தையின் பாதுகாப்பை விட்டுக்கொடுக்காமல் கேள்வி கேட்க முடியுமா? எல்லாம் செய்தும் ஒரு குழந்தை இறந்துபோகும் இரவுகள் இருக்கும். பயிற்சிக் காலத்தில் சில வாரங்கள் இப்பிரிவில் இரவுப் பணியும் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் மறுநாள் காலை இங்கேயே வர விருப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். முதியவர்களின் பல நோய்களைக் கட்டுப்படுத்த மட்டுமே முடியும்; காலையில் கண் திறக்க முடியாமல் கிடந்த குழந்தை, நீரிழப்பைச் சரிசெய்த சில மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்பதை இங்கேதான் பார்க்கலாம். என்னை இத்துறையில் பிடித்து வைத்திருப்பது அது.

உடற்குறை உள்ள மாணவர்களும் தங்களால் இத்துறைக்கு வர முடியுமா என்று கேட்பதுண்டு. அவர்களுக்கு ஹெலன் டாசிக்கின் வாழ்க்கையைச் சொல்ல விரும்புகிறேன். குழந்தை இதயவியலை நிறுவியவர்களுள் முதன்மையானவரான அவர் கேட்கும் திறனை இழந்தவர். குழந்தையின் மார்பில் கை வைத்து இதயத் துடிப்பையும் அதிர்வையும் உணர்ந்து நோயறிந்தவர். நீலம் பாரித்த குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சையின் அடிப்படை எண்ணம் அவருடையது. அறுவை சிகிச்சை நிபுணர் ஆல்பிரட் பிளாலாக்கும் அவருடைய ஆய்வுக்கூட உதவியாளர் விவியன் தாமஸும் அதைச் செயல்முறையாக்க, 1944இல் முதல் அறுவை சிகிச்சை நடந்தது. உடல் தகுதி விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் அவற்றை விண்ணப்பிக்கும் முன்பே படித்துவிட வேண்டும்.

முதுநிலைப் படிப்புக்கு வருவோம். இந்தியாவில் எம்.டி.யும் தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் இணையான பட்டமான டி.என்.பி.யும் 3 ஆண்டுகள், டி.சி.எச். என்ற பட்டயம் 2 ஆண்டுகள். பட்டயம் முடித்தவர்களும் நல்ல குழந்தை மருத்துவர்களாகப் பணியாற்றுகிறார்கள். ஆயினும் கற்பிக்கும் பணிக்கோ உயர்சிறப்புப் படிப்புக்கோ செல்ல எண்ணினால் பொதுவாக முழு முதுநிலைப் பட்டம் தேவைப்படும். பிரிட்டனில் பயிற்சியின்போதே எம்.ஆர்.சி.பி.சி.எச். என்ற குழந்தைகள் நலத் தகுதித் தேர்வுகளை முடிக்க வேண்டும். கனடாவில் உறைவிடப் பயிற்சி 4 ஆண்டுகள். எங்கே சேர்ந்தாலும் நிறுவனத்தின் பெயரைவிட நான் முக்கியமாகக் கருதுவது, அங்கே எத்தகைய குழந்தைகள் எத்தனை பேர் வருகிறார்கள், பச்சிளங்குழந்தைகளுக்கும் பெரிய குழந்தைகளுக்கும் தனித்தனித் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் உண்டா, பயிற்சி மருத்துவர் தாமே செய்து கற்க அனுமதிக்கிறார்களா, அருகில் நின்று திருத்தும் மூத்தவர் இரவிலும் இருக்கிறாரா என்பவை. அங்கே இரண்டாம் ஆண்டு படிப்பவரிடம் நேரில் பேசினால் இவையெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பிரசவ அறைப் பயிற்சியையும் கேளுங்கள். பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கு மூச்சுவிடத் தொடங்க ஏதேனும் உதவி தேவைப்படும். தானாக மூச்சுவிடாத குழந்தைக்கு முதல் 60 நொடிகளுக்குள் செயற்கை மூச்சு தொடங்கியிருக்க வேண்டும். இது புத்தகம் படித்து வருவதில்லை; முதலில் பொம்மையிலும், பிறகு மூத்தவர் முன்னிலையிலும் திரும்பத் திரும்பச் செய்து கை பழக வேண்டும்.

பாதை பிரியும் இடம் ஒன்றை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. குழந்தைகளுக்குச் சிகிச்சையளிக்கும் மருத்துவர்கள் எல்லோரும் குழந்தைகள் நல முதுநிலை வழியாக வருவதில்லை. பச்சிளங்குழந்தை மருத்துவம், குழந்தைகளுக்கான நரம்பியல், புற்றுநோயியல் போன்றவை குழந்தைகள் நலம் படித்த பின் செல்லும் உயர்சிறப்புகள். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அவை பொதுவாக மேலும் 3 ஆண்டுகள். குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணராக விரும்பினால் பெரும்பாலும் பொது அறுவை சிகிச்சை வழியாகச் செல்ல வேண்டும். குழந்தை நல எம்.டி. முடித்துவிட்டு அதற்கு மாற முடியாது. குழந்தைகள் மனநலம் பெரும்பாலும் மனநல மருத்துவத்தின் கிளை. குழந்தைகளுக்கான மயக்க மருந்தியல், கண் மருத்துவம் ஆகியவையும் அந்தந்தத் துறையின் கிளைகளே. குழந்தைகளின் பல் மருத்துவம் தொடக்கத்திலேயே வேறு பட்டம். கையால் செய்து சரிசெய்வதில் மனம் லயிப்பவரா, நீண்டகாலம் ஒரே குடும்பத்தோடு பழகிக் குழந்தையின் வளர்ச்சியைப் பின்தொடர்வதில் நிறைவு காண்பவரா என்பதை இளநிலைப் பயிற்சி ஆண்டு முடிவதற்குள் கண்டுகொண்டால், முதுநிலைத் தேர்வில் இடம் தேர்ந்தெடுக்கும் நாளில் குழப்பம் இராது.

பணத்தைப் பற்றிக் குடும்பத்தில் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். கல்விக் கடன் எடுத்தால் திருப்பிச் செலுத்துவது எப்போது தொடங்கும், அது பயிற்சிக் காலத்துக்கு நடுவில் விழுமா என்பதைப் பாருங்கள். அரசு இடங்களில் படிப்பவர்கள் படிப்பு முடிந்தபின் சில காலம் அரசு மருத்துவமனையில் பணிபுரிய வேண்டும் என்ற ஒப்பந்தம் பல இடங்களில் உண்டு. கையெழுத்திடும் முன் கால அளவையும், இடையில் மேற்படிப்புக்குச் செல்ல விலக்கு உண்டா என்பதையும் படித்துப் பாருங்கள். அந்தப் பணிக்காலத்தைத் தண்டனையாக நினைக்க வேண்டாம். ஒரு தொடக்க சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாளை நடத்தியவர் பிற்பாடு பெற்றோரிடம் தடுப்பூசி பற்றிப் பேசும் விதமே வேறாக இருக்கும்.

மருத்துவ இடம் கிடைக்காமல் போனால் குழந்தைகளுக்குப் பணிசெய்யும் வாய்ப்பு முடிந்துவிடுகிறது என்று எண்ண வேண்டாம். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைமாதக் குழந்தையின் நிறமாற்றத்தை முதலில் காண்பவர் அநேகமாகச் செவிலியரே. பேச்சு தாமதமாகும் குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சியாளரும், பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்கு இயன்முறை மருத்துவரும், அன்றாடச் செயல்களைச் செய்யப் பழக்கும் செயல்முறைச் சிகிச்சையாளரும் செய்வதை மருந்து எழுதி நான் செய்துவிட முடியாது. இவற்றை இரண்டாந்தரமாக எண்ணிச் சேர்பவர்கள் நிறைவடைவதில்லை. ஆகவே இப்போதே அந்த வேலைகளையும் நேரில் பார்த்து வையுங்கள்.

கடைசியாக, இந்த ஓராண்டில் செய்யத்தக்கவை. பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது மேலே சொன்ன மூன்றோடு, முடிந்தால் கணிதத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறையில் குழந்தைகள் காப்பகம், சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளி, நூலகம் போன்ற ஓரிடத்தில், வாரத்துக்கு ஒரு நாளாக இருந்தாலும், தொடர்ந்து சென்று உதவுங்கள். மூன்று வயதுக் குழந்தைக்கும் ஏழு வயதுக் குழந்தைக்கும் ஒரே செய்தியை எப்படி வேறு வேறு விதமாகச் சொல்வது என்பதை அங்கே கற்கலாம். முதலுதவிப் பயிற்சி ஒன்றை முறையாக முடியுங்கள். தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதப் பழகுங்கள். நோயாளியின் வரலாற்றை எழுதுவது நம் வேலையில் பெரும்பகுதி. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முழுமையாகப் போடப்பட்டிருக்கிறதா என்று பழைய அட்டையைப் பாருங்கள். இல்லையென்றால் 0, 1, 6 மாதம் என மூன்று தவணைகளை மருத்துவக் கல்லூரியில் வார்டுக்குச் செல்லும் முன்பே முடித்து, எதிர்ப்பொருள் அளவையும் சோதித்துக்கொள்ள வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், கடவுச்சீட்டு ஆகியவற்றில் உங்கள் பெயரும் முதலெழுத்தும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்பதையும் இந்த ஆண்டே சரிபாருங்கள். இரண்டு நாடுகளின் மருத்துவ ஆணையங்களுக்கிடையே ஒரு பட்டம் சரிபார்க்கப்படும்போது ஓரெழுத்து வேறுபாட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்; பள்ளியை விட்டு வெளியேறும் முன் அதைத் திருத்துவது எளிது.